பூ விழுந்த கண்ணும் மாற்றுப் படலமும்

கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று நம் நாட்டுப்புறத்தார் சொல்வது வழக்கம். கொடிய ஒரு கேட்டிற்கு இத்துணை மென்மையான பெயரை வைத்தவர் யாரோ! கருவிழியின்மேல் வெண்ணிறத் தழும்பு படிந்து, ஒளி உட்புகும் வழி அடைபட்டுப்போன நிலையையே அச்சொல் சுட்டுகின்றது. முற்காலத்தில் இக்கேட்டைப் பெரிதும் விளைவித்தது பெரியம்மை. 1975-ஆம் ஆண்டிற்குப் பின் அந்நோய் இந்நாட்டில் இல்லாது ஒழிந்தது. ஆயினும் பூ விழும் கண்கள் ஒழிந்தபாடில்லை.

கள்ளக்குறிச்சி வட்டாரத்தைப் பாருங்கள். கரும்பும் நெல்லும் மக்காச்சோளமும் மரவள்ளியும் விளையும் பூமி அது. கரும்பு வெட்டுவோரின் கண்ணைத் தோகையின் விளிம்பு கீறும். கதிரடிக்கும்போது உமி தெறிக்கும். மேற்கே கல்வராயன் மலையில் சாமை அறுப்போருக்கும், காட்டில் கடுக்காய் பொறுக்குவோருக்கும் முள்ளும் மிலாறும் பகை. வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பு தெறிப்பதும், வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தை பிதுக்கிக் கண்ணைச் சுட்டுக்கொள்வதும் எங்கும் நிகழ்வன. கீறல் சிறிது; அதன் வழியே புகும் கிருமியும் பூஞ்சையும் செய்யும் அழிவு பெரிது. 1993-ஆம் ஆண்டிற்கு மதுரை மாவட்டத்தில் எடுக்கப்பெற்ற ஒரு கணக்கின்படி, அங்கு ஓராண்டில் இலட்சம் பேருக்கு 113 பேர் கருவிழிப் புண்ணுக்கு ஆளாயினர். உழவும் கூலி வேலையும் மிகுந்த வட்டாரங்களில் இது தொழிலோடு ஒட்டிய நோய் என்றே கொள்ளலாம்.

இவ்வாறு ஒளி இழந்த கண்ணுக்கு வேறொருவரின் தெளிந்த படலத்தைப் பொருத்திப் பார்வை தரும் கலை இன்று பரவலாக வழங்குகின்றது. அவ்வறுவையின் சிறப்பைப் பலரும் பேசியுள்ளனர். அறுவைக்குப் பின்னர் என்ன என்பதைப் பேசியவர் சிலரே. இக்கலையின் வரலாறோ, அறுவைக்குப் பின்னர் நிகழ்வனவற்றை மருத்துவர்கள் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்ட வரலாறேயாகும். அவர்கள் நெடுங்காலம் பாடுபட்டுக் கற்றதை, கண் பெற்று வீடு திரும்பும் ஒவ்வொருவரும் சில நாட்களுக்குள் கற்றாக வேண்டும். ஆகவே அவ்வரலாற்றை நாமும் ஒருமுறை நோக்குவோம்.

முதற்கண் அப்படலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். கருவிழிக்கு முன்னே கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோல் கவிந்திருப்பது இது. மருத்துவர்கள் கார்னியா என்பர். நடுவில் இதன் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டரே. இதில் இரத்தக் குழாய்கள் இல்லை. இருந்தால் ஒளி தடைப்படும். இதன் உட்புறத்தே ஒரே அடுக்காக நுண்ணிய செல்கள் பரவியுள்ளன. கண்ணின் உள்நீர் படலத்தில் ஊறித் தங்காவண்ணம் இடையறாது இறைத்துக்கொண்டிருப்பவை அவையே. அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை எனலாம். இறைப்போர் குறைந்தால் படலம் நீர் கோத்துத் தடித்து மங்கும். இந்த இரண்டு செய்திகளையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்: படலத்தில் இரத்தம் ஓடுவதில்லை, அதன் உட்புறச் செல்கள் மீண்டும் வளர்வதில்லை. பின்னர் வருவன யாவும் இவற்றின் விளைவுகளே.

கண்ணுக்குக் கண் வைக்கும் எண்ணம் நமக்குப் புதிதன்று. காளத்தி மலையில் இறைவன் திருவுருவின் கண்ணில் குருதி பெருகக் கண்ட வேடர் கண்ணப்பர், தம் கண்ணையே அகழ்ந்து அப்பினார் என்று பெரிய புராணம் கூறும். அப்பிய அப்பொழுதே குருதி நின்றது. புராணத்தில் மருந்துக்கும் தையலுக்கும் மறுநாளைய கவலைக்கும் இடமில்லை. மனிதர் கையால் செய்த முயற்சிகளில் அந்த மறுநாளே பெருந்தடையாய் நின்றது.

1824-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் ரைசிங்கர் விலங்குகளில் இம்முயற்சியைச் செய்து, அதற்குக் கெரட்டோபிளாஸ்டி என்னும் பெயரையும் இட்டார். 1838-இல் நியூயார்க்கில் கிஸ்ஸம் என்பவர் பன்றியின் படலத்தை மனிதக் கண்ணில் பொருத்தினார். அது விரைவில் மங்கிப்போயிற்று. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபான் ஹிப்பெல் என்பவர் படலத்தை ஒரே சீரான வட்டமாக அறுத்தெடுக்கும் கருவி ஒன்றை அமைத்தார். கருவி வந்தது, வெற்றி வரவில்லை.

வெற்றி 1905-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் வந்தது. இன்றைய செக் நாட்டில் உள்ள ஒலமோட்ஸ் நகரில் எட்வர்ட் சிர்ம் என்னும் மருத்துவரிடம் ஒரு கூலித் தொழிலாளி வந்திருந்தார். சுண்ணாம்பு பட்டு அவருடைய இரு கண்களும் வெந்துபோயிருந்தன. அவ்வமயம் இரும்புத் துண்டு பாய்ந்து கண் கெட்ட 11 வயதுச் சிறுவன் ஒருவனின் கண்ணை எடுக்க நேர்ந்தது. அதன் படலம் மட்டும் தெளிவாக இருந்தது. சிர்ம் அதை வெட்டித் தொழிலாளியின் இரு கண்களிலும் பொருத்தினார். படலத்தையே தைக்கும் நுண்ணிய இழை அந்நாளில் இல்லை. ஆகவே வெண்விழியின் மேற்சவ்வைக் குறுக்கே இழுத்துக் கட்டி, படலம் நழுவாமல் நிறுத்தினார். இரு கண்களையும் மூடி, நாட்கணக்கில் அசையாதிருக்கச் செய்தார். ஒரு கண்ணில் பொருத்திய படலம் கெட்டது. மற்றது தெளிவாக நின்றது. அத்தொழிலாளி மீண்டும் வேலைக்குச் செல்லும் அளவுக்குப் பார்வை பெற்றார்.

இந்நிகழ்ச்சியை உலகம் வெற்றியாகவே கொண்டாடியது; அது தகுவதே. ஆனால் அதில் அடங்கியுள்ள புதிரையும் நோக்க வேண்டும். கை ஒன்று, நாள் ஒன்று, பெற்றவர் ஒருவர். அவ்வாறிருந்தும் ஒரு கண் மங்கியது, ஒரு கண் விளங்கியது. ஏன்? இவ்வினாவின் விடையைத் தெளிவுறக் காண அரை நூற்றாண்டு ஆயிற்று.

அதற்கிடையே வேறொரு தடை நீங்கியது. உயிருள்ளவர் கண்ணை எடுக்க நேரும்போதுதான் படலம் கிடைக்கும் என்றிருந்தால் எத்தனை பேருக்கு அளிக்க முடியும்? ஒடெசா நகரத்து மருத்துவர் ஃபிலாட்டோவ், இறந்தவரின் கண்ணைக் குளிர்நிலையில் காத்து அதன் படலத்தைப் பொருத்தலாம் என்பதை 1930-களில் செய்து காட்டினார். 1944-இல் நியூயார்க்கில் டவுன்லி பேட்டன் உலகின் முதல் கண் வங்கியைத் தோற்றுவித்தார்.

அடுத்த ஆண்டிலேயே, 1945-இல், சென்னை எழும்பூரில் டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையா இந்தியாவின் முதல் கண் வங்கியை நிறுவினார். உலகப் போர் முடிந்த ஆண்டு அது. அரிசிக்கே பங்கீடு நடந்த காலத்தில் இறந்தோர் கண்களைச் சேர்த்து வைக்கும் வங்கி சென்னையில் எழுந்தது என்பது பெருமைக்குரிய செய்தியன்றோ? அவ்வங்கி அமைந்த மருத்துவமனையின் பழைமையும் சிறியதன்று. 1819-ஆம் ஆண்டில் இராயப்பேட்டையில் தொடங்கிப் பின்னர் எழும்பூருக்கு இடம் மாறிய அது, உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று.

அந்நாளில் கள்ளக்குறிச்சி தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மாவட்டத்தின் தலைநகரோ கிழக்குக் கடலோரத்துக் கடலூர். கல்வராயன் மலை ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்தது. 1976-ஆம் ஆண்டில்தான் அரசு அதனை நேரே ஏற்றுக்கொண்டது. சென்னையில் கண் வங்கி இருந்தும், மலையில் பூ விழுந்த கண்ணோடு வாழ்ந்தவருக்கு அது எட்டாத தொலைவு. இத்தொலைவு போவதற்கு மட்டும் தடையன்று. போய்க் கண் பெற்றுத் திரும்பியவர், ஒரு நாள் அக்கண் சிவந்தால் மீண்டும் எப்படிப் போவார்? இவ்வினாவை மனத்தில் வைத்துக்கொண்டு புதிரின் விடைக்குத் திரும்புவோம்.

இரண்டாம் உலகப் போரில் தீப்புண் பட்டவர்களுக்குப் பிறர் தோலைப் பொருத்தியபோது அது சில நாட்களில் உதிர்ந்துபோவதைப் பிரிட்டானிய அறிஞர் பீட்டர் மெடவார் ஆராய்ந்தார். உடல் அயல் தசையை இனங்கண்டு எதிர்க்கின்றது என்று அவர் நிறுவினார். பின்னர் 1960-இல் நோபல் பரிசும் பெற்றார். கண்ணின் படலத்தில் இரத்தக் குழாய் இல்லையாதலின், அங்கே வைத்த அயல் தசை உடலின் காவற்படையின் பார்வைக்கு எளிதில் அகப்படுவதில்லை. பிற உறுப்புகளை மாற்றுதல் கனவாயிருந்த காலத்திலேயே படலம் மாற்றுதல் கைகூடியதற்கு இதுவே காரணம்.

எளிதில் அகப்படுவதில்லை என்றேனேயன்றி, அகப்படுவதே இல்லை என்று சொல்லவில்லை. 1948-இல் பிரெஞ்சு மருத்துவர் போஃபிக்கும் அவருடைய தோழர்களும், நன்றாகப் பொருந்தித் தெளிவாயிருந்த படலம் சில வாரங்கள் கழித்துத் திடீரென மங்குவதைத் தனியொரு நோயாக விவரித்தனர். 1951-இல் அமெரிக்க மருத்துவர் மாமனி முயல்களைக் கொண்டு இதனை மெய்ப்பித்தார். ஒரு முயலின் படலத்தை மற்றொன்றின் கண்ணில் பொருத்தினார். அது தெளிவாக நின்றது. பின்னர் அதே முதல் முயலின் தோலில் ஒரு துண்டை அதன் உடலில் ஒட்டினார். தோலின் வழியே உடல் அயலாரை அடையாளம் கண்டுகொண்டது; கண்ணில் இருந்த படலமும் மங்கிற்று. 1969-இல் கோடாடஸ்ட், சில்வர்ஸ்டைன் என்னும் இருவர், இந்த எதிர்ப்பு படலத்தின் உட்புறச் செல்களின்மேல் ஒரு கோடாகப் படையெடுத்து நகர்வதைக் காட்டினர். அக்கோடு கடந்த இடமெல்லாம் செல்கள் மாண்டன. மாண்டவை மீண்டும் வளர்வதில்லை என்று முன்னர்க் கூறியதை இங்கே நினைவு கூர்க.

புதிருக்கு விடை இவ்வாறு கிடைத்தது. பொருத்திய படலம் கெடுவதற்குக் கிருமி, காயம், கண்ணின் உள்ளழுத்தம் எனப் பல காரணங்கள் உண்டு. அவற்றோடு, உடலே அதை ஏற்க மறுப்பதும் ஒரு பெருங்காரணம். இம்மறுப்பு முதல் ஓரிரண்டு ஆண்டுகளில் மிகுதியாக நேரும். பல ஆண்டுகள் கழித்தும் நேரக்கூடும்.

நல்வாய்ப்பாக, நோயை அறிந்த அதே காலத்தில் மருந்தும் வந்தது. மூட்டு வாதத்திற்குக் கார்ட்டிசோன் பயன்படுவதைக் கண்டவர்களுக்கு 1950-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவ்வினத்து மருந்துகளையே ஸ்டீராய்டு என்கிறோம். அவை சொட்டு மருந்தாகக் கண்ணுக்கும் வந்தன. உடலின் எதிர்ப்பை அவை அடக்கும். மறுப்பு தொடங்கிய உடனே போதிய அளவில் இட்டால், பெரும்பாலான கண்களில் மங்கிய படலம் மீண்டும் தெளிகின்றது. கோடு படலம் முழுவதையும் கடந்து சென்ற பின்னர் இட்டால் பயன் சிறிது. மருந்து ஒன்றே, அது வந்து சேரும் நாளே வேறு.

மருத்துவர் நோயாளியின் வீட்டில் அமர்ந்திருப்பதில்லை. மறுப்பின் முதற்குறியைக் காணக்கூடியவர் அக்கண்ணை உடையவரேயாவர். இதனால்தான் மாற்றுப் படலம் பெற்றவருக்குக் காவல் தொழில் ஒன்று வந்து சேர்கின்றது. கண்ணை இமை காப்பதுபோல் என்போம். இக்கண்ணுக்கு இமையோடு அறிவும் காவலாதல் வேண்டும்.

அக்காவல் எத்தகையது என்பதை இனி நோக்குவோம். 1960-களில் அறுவைக்குரிய நுண்நோக்கியும் தலைமயிரினும் மெல்லிய நைலான் இழையும் வந்தபின், படலத்தை விளிம்பு சுற்றிலும் நேராகத் தைக்க முடிந்தது. ஏறத்தாழ எட்டு மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டத்திற்குப் பதினாறு தையல் இடுவது உண்டு. கையில் பட்ட வெட்டுக்காயம் பத்து நாளில் கூடிவிடுகின்றது. இரத்தம் ஓடாத படலம் அவ்வாறு விரைந்து கூடாது. உடலின் பகையினின்று அதைக் காக்கும் அதே இயல்பு, காயம் ஆறுவதைத் தாமதப்படுத்துகின்றது. எனவே தையல்கள் ஓராண்டும் அதற்கு மேலும் கண்ணில் இருக்கும். பார்வையும் படிப்படியாகவே சீர்ப்படும். கட்டவிழ்த்த அன்றே ஊசியில் நூல் கோக்கலாம் என்று எதிர்பார்த்து மனம் உடைவோர் பலர். தையல்கள் எடுக்கப்பெற்று, தக்க மூக்குக் கண்ணாடி அமையும் வரை பொறுத்தல் வேண்டும்.

இப்போது முழுப் படலத்தையும் மாற்றாமல், கெட்ட அடுக்கை மட்டும் மாற்றும் முறைகளும் வழங்குகின்றன. உள்ளடுக்கை மட்டும் மாற்றியவருக்குக் கண்ணினுள் காற்றுக் குமிழி ஒன்றை விட்டு, புதிய அடுக்கு ஒட்டிக்கொள்ளும் வரை மல்லாந்து படுத்திருக்கச் சொல்வர். அக்குமிழியே அடுக்கைத் தாங்கும் முட்டு. ஏன் படுக்க வேண்டும் என்பது விளங்கிவிட்டால் படுத்திருப்பது எளிது. எந்த முறையில் அறுவை நடந்தது என்பதை மருத்துவமனைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுதல் நன்று.

வீடு திரும்பியவர் செய்ய வேண்டுவன சில. கண்ணைக் கசக்கலாகாது. உறங்கும்போது மருத்துவர் தந்த மூடியை அணிதல் வேண்டும். தூக்கத்தில் கை தன் வழக்கப்படி கண்ணுக்குப் போகும். மருத்துவர் சொல்லும் வரை தலைக்கு ஊற்றிக் குளித்தலும், ஆற்றிலும் கிணற்றிலும் மூழ்குதலும் கூடா. சுமை தூக்குதலையும், விறகடுப்பின் புகையருகே குனிந்திருத்தலையும் விலக்குதல் வேண்டும். மருந்து இடுமுன் கையைச் சோப்பிட்டுக் கழுவுக. குலுக்கி இட வேண்டிய மருந்தைக் குலுக்கியே இடுக. புட்டியின் நுனி இமையில் படலாகாது. ஒரு மருந்துக்கும் மறு மருந்துக்கும் இடையே ஐந்து நிமிடமேனும் செல்லட்டும். இல்லையெனில் பின்னது முன்னதைக் கழுவிவிடும்.

கண் நன்றாயிருக்கிறதே என்று ஸ்டீராய்டு மருந்தைத் தாமே நிறுத்திவிடுதல் பலர் செய்யும் பிழை. கண் நன்றாயிருப்பது அம்மருந்தினால் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. அதே மருந்து சிலருக்குக் கண்ணின் உள்ளழுத்தத்தை வலியின்றி உயர்த்தும். நோயாளிக்கு அது தெரியாது, கருவியால் அளந்து பார்ப்பவருக்கே தெரியும். ஆகையால் ஒரு குறையும் இல்லாதபோதும் குறித்த நாளில் மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். மற்றொன்று: தைத்த இடம் பழைய வலிமையை முழுதும் பெறுவதில்லை. பல ஆண்டுகளுக்குப் பின்னும் மாட்டின் கொம்போ, தெறித்த விறகுச் சிராயோ பட்டுப் பிளந்த கண்கள் உண்டு. வயலுக்கும் காட்டுக்கும் செல்வோர் காப்புக் கண்ணாடி அணிந்தே செல்க.

இனி, எப்போது உதவி நாட வேண்டும் என்னும் வினா. முதற்சில நாட்களில் கண்ணில் உறுத்தலும் நீர் வடிதலும் கூச்சமும் ஓரளவு இருக்கும். அவை நாளுக்கு நாள் குறைந்துவரும். குறைந்து வந்தது மீண்டும் கூடினாலோ, நலமாயிருந்த கண்ணில் புதிதாக ஏதேனும் தோன்றினாலோ அதுவே எச்சரிக்கை. நான்கு குறிகளை நினைவிற் கொள்ளுதல் போதும்: சிவப்பு, கூச்சம், மங்கல், வலி. சீழ் வடிதலையும், தையல் அவிழ்ந்து முள்போல் குத்துதலையும், கண்ணில் அடிபடுதலையும் இவற்றோடு சேர்த்துக்கொள்க. நான்கும் சேர்ந்து வரும் வரை காத்திருத்தல் கூடாது. ஒன்று வந்தாலே போதும். வலியில்லையே என்று ஆறுதல் கொள்வதும் பிழை. மறுப்பு சிலபோது சிறிய மங்கலாக மட்டுமே தொடங்கும்.

மங்கலை அறிய எளிய வழி ஒன்று உண்டு. நாள்தோறும் காலையில் ஒரே இடத்தில் நின்று, மற்றக் கண்ணைக் கையால் மறைத்து, சுவரில் தொங்கும் நாட்காட்டியை நோக்குக. நேற்றுத் தெரிந்த எண் இன்று தெரியவில்லையெனில் அன்றே புறப்படுதல் வேண்டும். இரு கண்ணாலும் பார்த்தால் நல்ல கண் தன் தோழனின் குறையை மறைத்துவிடும்.

அன்றே என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. கிருமி புகுந்த கண்ணும் மறுப்புக்கு ஆளான கண்ணும் பார்ப்பதற்கு ஒன்றுபோல் சிவந்திருக்கும். ஆனால் மறுப்பை அடக்கும் ஸ்டீராய்டு, பூஞ்சை நோயை வளர்த்துவிடும். இதனால் வீட்டில் எஞ்சிய புட்டியையோ, கடையில் கேட்டு வாங்கிய மருந்தையோ ஊற்றிப் பார்த்தல் இருட்டில் கால் வைப்பது போலாகும். தாய்ப்பாலும் விளக்கெண்ணெயும் பச்சிலைச் சாறும் அன்பினால் இடப்படுவனவே. தைத்த கண்ணுக்கு அவை கிருமியைக் கொண்டுவந்து சேர்க்கும்.

காலம் எத்துணை அருமையானது என்பதற்கு அண்டை நாடான நேபாளத்தில் ஒரு சான்று உண்டு. பக்தபூர் வட்டாரத்தில் கருவிழியில் கீறல் பட்ட 442 பேருக்கு ஊர்த் தொண்டர்கள் கிருமி நீக்கும் களிம்பை இட்டு வந்தனர். அவர்களுள் 424 பேருக்குப் புண் உண்டாகாமலே ஆறிற்று. கீறல் பட்ட 18 மணி நேரத்திற்குள் வந்தவர்களில் ஒருவருக்கேனும் புண் உண்டாகவில்லை. தாமதித்து வந்தவர்களிடமே அது கண்டது. 2001-இல் வெளியான இம்முடிவு மாற்றுப் படலம் பெற்றவரைப் பற்றியதன்று. மாற்றுப் படலமே தேவைப்படாமல் காப்பதைப் பற்றியது. எனினும் இரண்டிற்கும் பாடம் ஒன்றே. கரும்புத் தோகை கீறிய அன்று மாலையே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்பவர், பின்னாளில் கண் வங்கியின் வாயிலில் காத்திருக்க நேராது.

இவ்விடத்தில் 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சிக்கு நேர்ந்த துயரத்தையும் குறிப்பிட வேண்டும். மெத்தனால் கலந்த கள்ளச் சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பார்வை இழந்தோரும் உண்டு. அந்நஞ்சு கெடுப்பது கண்ணின் நரம்பை. முன்னுள்ள படலம் பளிங்குபோல் இருக்க, பின்னே ஒளி அணைந்துவிடும். அக்கண்ணுக்கு மாற்றுப் படலத்தால் பயனில்லை. அங்கும் காப்பாற்றக்கூடியது, உரிய மருத்துவம் முதற்சில மணி நேரத்தில் கிடைப்பதே.

தொலைவு இன்று முன்போல் இல்லை. 2019-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் முதல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம். வெள்ளிமலை, கல்வராயன்மலை வட்டத்தின் தலையிடம். 2022-இல் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது. புதுச்சேரியில் ஜிப்மர் மருத்துவமனையும், மதுரையில் 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளையும் உள்ளன. ஆயினும் மலையிலிருந்து புதுச்சேரியோ சென்னையோ செல்லப் பகற்பொழுது பெரிதும் கழியும். ஆதலின் ஏற்பாட்டைச் சிவப்பு தோன்றிய பின் செய்வது பிந்திய செயல். அறுவை செய்த மருத்துவமனையின் தொலைபேசி எண், அறுவைச் சீட்டு, இடும் மருந்துகளின் பட்டியல், வழிச்செலவு, உடன் வருவார் யார் என்பன யாவும் வீடு திரும்பிய முதல் வாரத்திலேயே முடிவாகியிருக்க வேண்டும். குறி தோன்றியவுடன் தொலைபேசியில் சொல்லி, எங்கே முதலில் காட்டுவது என்று கேட்டுச் செல்லலாம். மருந்து தீருமுன் அடுத்த புட்டி வீட்டில் இருத்தலும் மழைக்காலத்தில் மலைவாழ்வோருக்கு இன்றியமையாதது.

கரும்பு வெட்டு நடக்கிறது, கூலி போய்விடும், திருவிழா முடியட்டும் என்று நாட்களைத் தள்ளுவது ஏழை மக்களின் இயல்பு. அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. கண் கெட்டால் மறு அறுவை உண்டு என்பதும் உண்மை. ஆனால் இரண்டாம் முறை பொருத்தும் படலம் முதலாவதைப் போல் எளிதில் நிலைப்பதில்லை. ஒருமுறை பகைமை கண்ட உடல் மறுமுறை விரைந்து எதிர்க்கும். அதற்கும் வேறொருவரின் கண் கிடைக்க வேண்டும்.

அக்கண் எவ்வாறு கிடைக்கின்றது? இறந்த ஆறு மணி நேரத்திற்குள், அழுகை ஓயாத வீட்டில், மகனோ மனைவியோ மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு கண் வங்கிக்குச் சொல்லி அனுப்புவதால் கிடைக்கின்றது. பெற்றவருக்குக் கொடுத்தவரின் பெயர் சொல்லப்படுவதில்லை. ஆதலின் நேரில் சென்று நன்றி கூற வழியில்லை. அவர் வீட்டார் அந்த ஆறு மணி நேரத்தை வீணாக்கவில்லை. பெற்றவர் வீட்டாரும் தம் பங்குக்கு நான்கு குறிகளையும் மனப்பாடம் செய்து, காலைதோறும் நாட்காட்டியின் முன் நிற்கட்டும். ஒரு நாள் அவ்வெண் மங்கினால், அன்று மலையிலிருந்து இறங்கும் முதல் பேருந்திலேயே புறப்படட்டும்.